பள்ளி ஆய்வகத்துக்கு சென்சார் வாங்கும் முன்: வெர்னியர், பாஸ்கோ, மைக்ரோபிட், கைப்பேசி ஒப்பீடு

பள்ளி அறிவியல் ஆய்வகத்துக்கு சென்சார் வாங்குகிறவர்கள் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது துல்லியத்தைத்தான். இது அரை டிகிரி, அது கால் டிகிரி என்று பட்டியல் போட்டு முடிவெடுக்கிறார்கள். ஆனால் வகுப்பில் சோதனை சொதப்புவதற்குத் துல்லியக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். சென்சார் மாறுதலை மெதுவாக உணரும். மின்முனை காய்ந்து கிடக்கும். எந்தக் கருவி எந்தக் குழுவுடையது என்று தேடியே பாடவேளையில் கால்வாசி போய்விடும். ஒரு சென்சார் எந்தெந்தச் சூழலில் தவறான எண்ணைக் காட்டும் என்பது தெரிந்தால்தான் அதை வாங்கலாமா என்று சொல்ல முடியும். இந்த மதிப்புரை அந்தக் கோணத்தில் எழுதப்பட்டது.

சந்தையில் இருப்பதை நான்கு வகையாகப் பிரிக்கலாம். வெர்னியரின் கோ டைரக்ட் வரிசை, பாஸ்கோவின் வயர்லெஸ் வரிசை, மைக்ரோபிட் அல்லது ஆர்டுயினோ என்ற நிரல் ஏற்றக்கூடிய சிறு மின்னணுப் பலகைகளோடு தனித்தனி சென்சார் சில்லுகள், கடைசியாகக் கைப்பேசிக்குள்ளேயே இருக்கும் சென்சார்கள். முதல் இரண்டும் பள்ளிக்கென்றே செய்யப்பட்டவை. பாஸ்கோ 1964இலும் வெர்னியர் 1981இலும் தொடங்கிய நிறுவனங்கள். இரண்டுமே இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வளர்ந்தவை. அதனால் இயக்கம், விசை, அழுத்தம் போன்றவற்றில் இரண்டுமே வலுவானவை. மூன்றாவது வகை மலிவு. ஆனால் ஆசிரியரின் நேரத்தைத் தின்னும். நான்காவது இலவசம், எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று தெரிந்து கையாண்டால் அது பெரிய வரம்.

வெப்பநிலை

முதலில் வாங்க வேண்டியது இதுதான். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் தெர்மிஸ்டர் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பொருள்) வைத்த முனை பெரும்பாலான வேதியியல் சோதனைகளுக்குப் போதும். வெர்னியரின் பழைய கம்பிவகை எஃகு முனைக்கு நிறுவனமே தரும் கணக்கைப் பாருங்கள்: இறுதி அளவின் 90 விழுக்காட்டை எட்ட, கலக்கிய நீரில் 10 விநாடி, வீசும் காற்றில் 90 விநாடி, அசையாத காற்றில் 400 விநாடி. கடைசி எண்ணை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நிழலுக்கும் வெயிலுக்கும் உள்ள வேறுபாட்டை ஆளுக்கு ஒரு நிமிடம் நின்று அளந்து வரச் சொன்னால், மாணவர்கள் கொண்டுவருவது முந்தைய இடத்தின் வெப்பநிலை பாதி கலந்த எண். காற்றின் வெப்பநிலையை அளக்க வேண்டுமென்றால் முனையைக் கையால் பிடிக்காமல் தொங்கவிட்டு, அட்டையால் விசிறிக்கொண்டே குறைந்தது மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். வெயிலில் முனைக்கு மேலே நிழல் மறைப்பு வேண்டும். இல்லையென்றால் அளப்பது காற்றை அல்ல, வெயிலில் காய்ந்த எஃகுக் குழாயை.

தோல், இலை, ஆவியாகும் திரவம் நனைத்த வடிதாள் போன்றவற்றுக்கு எஃகுக் குழாய் சரிவராது. குழாய் இல்லாமல் தெர்மிஸ்டர் வெளியே தெரியும் மேற்பரப்பு முனைகள் தனியாகக் கிடைக்கின்றன. நொடிகளில் பதில் தருபவை. ஆனால் அமிலத்திலோ உப்புக் கரைசலிலோ முக்கக் கூடாது. எட்டுக் குழுக்களுக்கு எட்டு எஃகு முனை வாங்குங்கள். மேற்பரப்பு முனை இரண்டு போதும்.

மலிவு வழியில் டிஎஸ்18பி20 சில்லு நன்றாகவே வேலை செய்யும். நீர் புகாத உறையோடு கிடைக்கிறது. மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சரியாக இருக்கும் என்பது அதன் தரவுத்தாள் தரும் உறுதி. தரவுக் கம்பிக்கும் மின்னழுத்தக் கம்பிக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் மின்தடை கட்டாயம். அதை விட்டால் சென்சார் கண்ணில் படாது, அல்லது விட்டுவிட்டுப் படும். 12 பிட் என்ற அதன் மிக நுணுக்கமான அமைப்பில் ஒரு அளவீட்டுக்கு 750 மில்லிவிநாடி வரை ஆகும்; எனவே விநாடிக்கு ஒன்றுக்கு மேல் கேட்காதீர்கள். வரைபடத்தில் நடுநடுவே சரியாக 85 என்ற எண் குத்திட்டு நின்றால் அது சூடு அல்ல. சில்லுக்கு மின்சாரம் வந்ததும் அதன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க எண் அது. முதல் அளவீடு முடியும் முன் படித்துவிட்டீர்கள், அல்லது இணைப்பு தளர்ந்து மின்சாரம் ஒரு கணம் அறுந்திருக்கிறது. நிரலை மாற்றுவதற்கு முன் கம்பியை ஆட்டிப் பாருங்கள்.

எல்எம்35 என்ற இன்னொரு வெப்பநிலைச் சில்லைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய ஆர்டுயினோ ஊனோவில் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 10 பிட் மாற்றி 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருவதால் வரைபடம் அரை டிகிரிப் படிக்கட்டாக ஏறும். நிரலில் உள் மேற்கோள் மின்னழுத்தமான 1.1 வோல்ட்டுக்கு மாற்றினால் படி பத்தில் ஒரு டிகிரியாகச் சுருங்கும். ஏறத்தாழ 110 டிகிரிக்கு மேல் அளக்க முடியாது என்பது மட்டுமே இதற்கான விலை. மைக்ரோபிட்டில் உள்ள வெப்பநிலை எண்ணைச் சோதனைக்கு நம்ப வேண்டாம். அது செயலிச் சில்லின் சூடு. அறையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்.

அழுத்தம்

வளிம அழுத்த சென்சாரும் 20 மி.லி. ஊசியும் (சிரிஞ்ச்) இருந்தால், கனஅளவு பாதியானால் அழுத்தம் இரட்டிக்கும் என்ற பாயில் விதியைப் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். ஆனால் இந்தச் சோதனையில் பெரும்பாலான வகுப்புகள் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன.

ஊசியை 10 மி.லி. கோட்டில் வைத்து சென்சாரோடு இணைக்கிறீர்கள். அழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். 5 மி.லி.க்கு அழுத்தினால் இரட்டிப்பாகி 202 வர வேண்டும். வருவது 188. மாணவர்கள் கசிவு என்கிறார்கள். ஆசிரியர் சென்சார் சரியில்லை என்கிறார். இரண்டும் தவறு. சென்சாரின் வாயிலும் இணைப்பிலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. அதை ஊசியின் கோடுகள் கணக்கில் எடுப்பதில்லை. வெர்னியரின் சென்சாருக்கு இந்த மறைகனஅளவு 0.8 மி.லி. என்று நிறுவனமே சொல்கிறது. உண்மையில் 10.8 மி.லி. காற்று 5.8 மி.லி.க்குச் சுருங்கியிருக்கிறது. 101ஐ 10.8ஆல் பெருக்கி 5.8ஆல் வகுத்துப் பாருங்கள்: 188.

திருத்தாமல் அழுத்தத்தையும் கோட்டு அளவையும் பெருக்கினால் 5 மி.லி.யில் 940, 10இல் 1010, 20இல் 1049 என்று எண் ஏறிக்கொண்டே போகும். கனஅளவு கூடக் கூடப் பெருக்கற்பலன் இப்படிச் சீராக ஏறினால் மறைகனஅளவுதான் காரணம். நடுவில் நீளமான குழாய் போட்டால் 0.8 போதாது, அதை மாணவர்களே கண்டுபிடிக்கலாம். அழுத்தத்தின் தலைகீழியைச் செங்குத்து அச்சிலும் ஊசிக் கோட்டு அளவைக் கிடை அச்சிலும் போட்டு, நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது கிடை அச்சைப் பூஜ்யத்துக்கு இடப்பக்கத்தில் வெட்டும். வெட்டும் இடத்தின் அளவே மறைகனஅளவு. பாயில் விதியை ஒப்பிப்பதைவிட இந்த ஒரு கோடு மாணவருக்கு அதிகம் கற்றுத்தரும்.

கசிவு வேறு விதமாகத் தெரியும். 5 மி.லி.யில் பிடித்தபடி ஒரு நிமிடம் பாருங்கள்; அழுத்தம் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு. மீண்டும் 10க்குக் கொண்டுவந்தால் 101க்குக் கீழே நிற்கும். வேகமாக அழுத்தியதால் காற்று சூடேறினாலும் எண் முதலில் எகிறிப் பிறகு இறங்கும். ஆனால் சில நொடிகளில் இறக்கம் நின்றுவிடும், 10க்குத் திரும்பியதும் பழைய எண்ணே வரும். மெதுவாக அழுத்தி, ஐந்து நொடி காத்திருந்து பதிவு செய்யச் சொன்னால் இந்தக் குழப்பமே வராது.

இணைப்பைத் திருகும்போது முழு பலம் போடாதீர்கள். பிளாஸ்டிக் மரை போய்விட்டால் சரிசெய்ய வழியில்லை. திரவம் உள்ளே ஏறவும் கூடாது. ஆவி அழுத்தச் சோதனைகளில் குடுவையைவிட உயரமான இடத்தில் சென்சாரை வையுங்கள்.

இயக்கம்: மூன்று வழி, மூன்று விதப் பிழை

காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியால் தொலைவை அளக்கும் மீயொலி இயக்க சென்சார், அகச்சிவப்புக் கதிர் மறையும் நேரத்தை அளக்கும் ஒளிவாயில், சக்கரத்தில் என்கோடர் (சுழற்சியை எண்ணும் கருவி) வைத்த வண்டி என்று மூன்று வழிகள் உண்டு.

மீயொலி சென்சாரின் அருமை என்னவென்றால் மாணவரே அதன் முன்னால் நடந்து வரைபடம் வரையலாம். இடப்பெயர்ச்சி வரைபடம் புரிய இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மிக அருகில் இருப்பது அதற்குத் தெரியாது. மாடலைப் பொறுத்து முதல் 15 முதல் 25 செ.மீ. குருட்டுப் பகுதி. ஒலி கூம்பாக விரிவதால் மேசை விளிம்பு, நாற்காலிக் கால், பக்கத்தில் நிற்பவரின் முழங்கை எல்லாம் குறுக்கே வரும். வரைபடத்தில் ஒரே உயரத்தில் தட்டையான கோடு வந்தால், அந்தத் தொலைவில் அசையாத பொருள் ஒன்று இருக்கிறது என்று பொருள். அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், கட்டாயம் கிடைக்கும். தொளதொள உடை ஒலியை விழுங்கிவிடும்; மாணவர் மார்புக்கு முன் ஒரு கெட்டி அட்டையைப் பிடித்தால் போதும். இரண்டு குழுக்கள் எதிரெதிரே வைத்தால் ஒன்றின் ஒலியை மற்றது கேட்கும். எல்லாரையும் ஒரே திசையில் உட்காரவையுங்கள்.

முடுக்கத்துக்கு வந்தால் கதை மாறும். சென்சார் 1 மி.மீ. வரை பிரித்தறிகிறது என்று கொள்வோம். விநாடிக்கு 20 முறை அளந்தால், அந்த 1 மி.மீ. தள்ளாட்டம் திசைவேகத்தில் விநாடிக்கு 0.02 மீட்டர் பிழையாகும், முடுக்கத்தில் 0.4 மீ/வி² ஆகும். துல்லியம் கூடும் என்று நினைத்து விநாடிக்கு 50 முறை அளந்தால் அதே 1 மி.மீ. முடுக்கத்தில் 2.5 மீ/வி² பிழையாக வீங்கும். அதாவது அடிக்கடி அளக்க அளக்க முடுக்க வரைபடம் மோசமாகும். விநாடிக்கு 20இல் நிறுத்திக்கொண்டு, முடுக்கத்தைத் திசைவேகக் கோட்டின் சாய்விலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

பாஸ்கோவின் ஸ்மார்ட் கார்ட் இந்தச் சிக்கலைச் சுற்றிப் போகிறது. சக்கர அசைவிலிருந்தே இடத்தை 0.2 மி.மீ. நுணுக்கத்தில் எண்ணுகிறது, உள்ளேயே 100 நியூட்டன் வரையிலான விசை சென்சாரும், முடுக்கமானியும், சுழல்மானியும் உண்டு. நியூட்டனின் இரண்டாம், மூன்றாம் விதிகளுக்கு இரண்டு வண்டிகளை மோதவிட்டு விசை வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்ப்பதற்கு இதற்கு இணையாகச் சந்தையில் எதையும் பரிந்துரைக்க மாட்டோம். எட்டு வாங்க முடியாவிட்டாலும் சிவப்பும் நீலமுமாக ஒரு ஜோடியாவது செய்முறை விளக்கத்துக்கு வைத்திருக்க வேண்டிய பொருள். சக்கரம் வழுக்கினால் எண்ணிக்கை தப்பும். தூசு படிந்த தடத்தையும் வேகமாகத் தள்ளித் தொடங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

ஒளிவாயில் நேரத்தைத்தான் அளக்கிறது. அதில் அதைக் குறைசொல்ல முடியாது. பிழை வருவதெல்லாம் கதிரை மறைக்கும் தகட்டின் அகலத்திலிருந்து. 5 செ.மீ. இடைவெளியில் கறுப்புப் பட்டைகள் கொண்ட ஒளிபுகு அளவுகோலை நேராக விழவிட்டால் ஈர்ப்பு முடுக்கம் 9.8க்கு மிக அருகில் வரும். சாய்வாக விழுந்தால் இடைவெளி மாறி எண் தப்பும். சொந்தமாகத் தகடு செய்கிறவர்கள் கவனிக்க: சில கறுப்பு பிளாஸ்டிக்குகளும் மார்க்கர் மைகளும் அகச்சிவப்பை அப்படியே கடத்திவிடும். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதை ஒளிவாயில் பார்ப்பதே இல்லை. அலுமினியத் தாள் ஒட்டினால் தீர்ந்தது. நேர் வெயில் விழும் சன்னல் பக்கம் வைத்தாலும் ஒளிவாயில் திணறும்.

விசை சென்சாருக்கு ஒரே விதி: எந்த நிலையில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த நிலையில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். படுக்கவைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுத் தொங்கவிட்டால் கொக்கியின் எடை எல்லா அளவீட்டிலும் ஒட்டிக்கொள்ளும்.

பிஎச் மின்முனை: வாங்கிய நாளிலிருந்தே வயதாகும் பொருள்

இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. கண்ணாடி மின்முனை தேய்ந்து தீரும் பொருள். அலமாரியில் சும்மா இருந்தாலும் அதற்கு வயதாகும். சில ஆண்டுகள்தான் ஆயுள். எனவே சலுகை கிடைக்கிறது என்று கூடுதலாக வாங்கி அடுக்கிவைக்காதீர்கள். மின்முனையை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய மாடலைத் தேர்ந்தெடுங்கள். மின்னணுப் பகுதியோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தால் மின்முனை செத்ததும் முழுக் கருவியையும் எறிய வேண்டிவரும்.

காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பது பரவலான தவறான பழக்கம். மின்முனைக்குள் இருக்கும் உப்பு அந்த நீருக்குள் கசிந்து போய்விடும். பிஎச் 4 தாங்கல் கரைசல் (பிஎச் எளிதில் மாறாத கரைசல்) 100 மி.லி.யில் 10 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்தால் அதுவே சேமிப்புக் கரைசல். மூடிக்குள் இதை ஊற்றிக் குமிழ் மூழ்கும்படி மூடிவையுங்கள். மூடியைச் சுற்றி வெள்ளை உப்பு பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், கழுவினால் போய்விடும். காய்ந்துபோன மின்முனையை இதே கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துப் பாருங்கள். பல நேரம் பிழைத்துக்கொள்ளும். குமிழைத் துணியால் தேய்க்கக் கூடாது. மெல்லிய தாளால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நோயைக் கண்டுபிடிப்பது எளிது. 25 டிகிரியில் நல்ல மின்முனை ஒரு பிஎச் அலகுக்கு 59 மில்லிவோல்ட் அளவில் மாற வேண்டும். மென்பொருள் மில்லிவோல்ட்டைக் காட்டினால் பிஎச் 4, 7 தாங்கல் கரைசல்களில் வைத்து வித்தியாசத்தை மூன்றால் வகுங்கள். 50க்குக் கீழே இறங்கியிருந்தால் புதியது வாங்கும் வேளை வந்துவிட்டது. எந்தக் கரைசலில் வைத்தாலும் 7 என்றே காட்டினால் கண்ணாடிக் குமிழில் விரிசல். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கேலிபரேஷனுக்கு (தெரிந்த கரைசலில் வைத்துக் கருவியைத் திருத்துவதற்கு) ஊற்றிய கரைசலைப் புட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். பிஎச் 10 கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிச் சீக்கிரம் கெட்டுவிடும். திறந்த புட்டியில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

காய்ச்சி வடித்த நீரின் பிஎச்சை அளக்கச் சொல்லிவிட்டு, எண் நிலையாக நிற்கவில்லை என்று கருவியைக் குறை சொல்வது வழக்கம். அயனி மிகக் குறைவாக உள்ள நீரில் எந்தச் சாதாரண மின்முனையும் தள்ளாடத்தான் செய்யும். அந்த அளவீட்டைப் பாடத்திலிருந்தே எடுத்துவிடலாம்.

பல சென்சார்களைக் கம்பியில் இணைத்துப் பதிவுசெய்யும் டேட்டா லாகர் வைத்திருப்பவர்கள் ஒரே முகவையில் பிஎச் மின்முனையையும் கடத்துதிறன் முனையையும் சேர்த்து வைக்கக் கூடாது. இரண்டும் லாகர் வழியாக ஒரே தரைமின் இணைப்பைப் பகிர்வதால் ஒன்று மற்றதன் எண்ணைக் கெடுக்கும். தனித்தனி பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் சென்சார்களில் இந்தத் தொல்லை இல்லை. வயர்லெஸ்ஸுக்கு மாறுவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும்

முளைவிட்ட விதைகளைப் புட்டியில் அடைத்து சென்சாரைச் செருகினால் பத்து நிமிடத்துக்குள் கோடு ஏறத் தொடங்கும். சுவாசத்தை மாணவர் கண்ணால் பார்ப்பது அங்கேதான். அந்தக் காரணத்துக்காகவே இந்த சென்சாரை வாங்கச் சொல்கிறோம். ஆனால் எண்ணிக்கை இரண்டு போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, அகச்சிவப்பு உறிஞ்சலால் அளக்கிறதா என்பது. சிசிஎஸ்811, எஸ்ஜிபி30 போன்ற மலிவுச் சில்லுகள் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. காற்றில் உள்ள பிற ஆவிகளை வைத்து ஓர் ஊக எண்ணைத் தருகின்றன. சோதிக்க விரும்பினால் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். எண் எகிறினால் அது இந்த வகை. உயிரியல் வகுப்புக்கு அது உதவாது.

எம்எச்-இசட்19 உண்மையான அகச்சிவப்பு சென்சார்தான். ஆனால் அதற்குத் தானாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் உண்டு: ஒரு நாளில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று எடுத்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள அலுவலகத்துக்கு அது சரி. மூடிய புட்டியில் இரண்டு நாள் விதை முளைக்கவிட்டால், அங்கே நிலவும் உயர்ந்த அளவையே 400 என்று வைத்துக்கொண்டு வரைபடத்தைக் கீழே இழுத்துவிடும். நிரலில் அந்த வசதியை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இன்னொன்று, மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 4 விழுக்காடு வரை, அதாவது 40,000 பிபிஎம் இருக்கும். 5,000 வரை மட்டுமே அளக்கும் சில்லில் ஊதினால் கோடு உச்சியில் முட்டி நின்றுவிடும். கோ டைரக்ட் சென்சார் 1,00,000 பிபிஎம் வரை போவதால் சுவாசச் சோதனைகளுக்கு அதுவே பொருத்தம்.

ஊறிய விதைகளைத் தாளில் ஒற்றி ஈரம் போக்கியபின் போடுங்கள்; உள்ளே நீர் துளிர்த்தால் ஒளிப்பாதை கெடும். ஒளிச்சேர்க்கைக்கு விளக்கு வைக்கும்போது நடுவே நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை வையுங்கள். இல்லையென்றால் இலை வெந்து, சுவாசம் ஒளிச்சேர்க்கையை மிஞ்சிவிடும்.

ஆக்சிஜன் வாயு சென்சாரில் பொதுவாக மின்வேதிக் கலம் இருக்கும். நிமிர்த்தி வைக்க வேண்டும், படுக்கவைக்கக் கூடாது. அதுவும் தானாகத் தீரும் பொருள். வெளிக்காற்றில் 20.9 விழுக்காடு காட்டாமல், திருத்தியும் நிலைக்காமல் போனால் கலம் முடிந்தது. பள்ளியில் இதைக் கடைசியாக வாங்கலாம். நீரில் கரைந்த ஆக்சிஜனுக்கு ஒளிவகை சென்சார் கிடைத்தால் அதையே எடுங்கள். சவ்வுவகை முனையை இடைவிடாமல் கலக்க வேண்டும், சவ்வையும் கரைசலையும் மாற்ற வேண்டும்.

இணைப்பும் மென்பொருளும்

வகுப்பு நேரத்தை அதிகம் விழுங்குவது ப்ளூடூத். டேப்லெட்டின் அமைப்புகளுக்குள் போய் சென்சாரை இணைக்கக் கூடாது. ஆப்பைத் திறந்து அதற்குள்ளிருந்துதான் இணைக்க வேண்டும். அமைப்புகளில் இணைத்துவிட்டால் சில நேரம் ஆப்புக்கு அது கிடைக்காமலே போகும். ஆண்ட்ராய்டின் 6 முதல் 11 வரையிலான பதிப்புகளில் இருப்பிட அனுமதி இல்லாமல் ப்ளூடூத் தேடலே நடக்காது. பட்டியல் வெறுமையாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். ஐபேடின் சஃபாரி உலாவியில் வலைவழி ப்ளூடூத் இயங்காது. ஆப்பை நிறுவியாக வேண்டும். குரோம்புக்கில் இந்தச் சிக்கல் இல்லை.

பாஸ்கோ ஒவ்வொரு சென்சாரிலும் ஆறிலக்க எண் அச்சிட்டிருக்கிறது. வெர்னியரில் தொடர் எண் உண்டு. இரண்டும் பொடி எழுத்து. பெட்டி வந்தவுடனே குழு எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எந்தக் குழு எண்ணுக்கு எந்தக் கருவி எண் என்ற அட்டவணையைச் சுவரில் மாட்டுங்கள். மென்பொருள் புதுப்பிப்பை முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். எட்டு சென்சாரும் வகுப்பு நடுவே புதுப்பிக்கக் கேட்டால் அன்றைய சோதனை அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கோ டைரக்ட் சற்று முந்துகிறது. ப்ளூடூத் மக்கர் செய்தால் யுஎஸ்பி கம்பியைச் செருகி வேலையைத் தொடரலாம். பாஸ்கோவின் சில வயர்லெஸ் சென்சார்கள் பொத்தான் பேட்டரியில் ஓடுபவை; மின்னேற்றும் தொல்லை இல்லை, ஆனால் கம்பி வழியும் இல்லை. சிறு பிள்ளைகள் உள்ள வகுப்பில் பொத்தான் பேட்டரியைப் பூட்டி வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வெர்னியரின் வரைபட மென்பொருளான கிராஃபிக்கல் அனாலிசிஸில் அடிப்படைப் பதிப்பு இலவசம். காணொளிப் பகுப்பாய்வு உள்ள பதிப்புக்கு ஆண்டுச் சந்தா. எது வாங்கினாலும் தரவை சிஎஸ்வி கோப்பாக (எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கும் வடிவம்) வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத கருவியை வாங்காதீர்கள்.

எத்தனை முறை அளப்பது என்பதும் ஆசிரியர் கையில். குளிர்தல் வளைகோட்டுக்கு இரண்டு விநாடிக்கு ஒன்று போதும். இசைக்கவை ஒலிக்கு விநாடிக்கு 10,000 வேண்டும். ஒளி சென்சாரில் மட்டும் எச்சரிக்கை தேவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். விநாடிக்கு 9 அல்லது 11 முறை அளந்தால் இல்லாத ஒரு மெதுவான அலை வரைபடத்தில் தோன்றும். 1,000 முறை அளந்தால் உண்மையான மினுக்கம் தெரியும்.

கைப்பேசியும் மைக்ரோபிட்டும்

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016இல் வெளிவந்த ஃபைஃபாக்ஸ் ஆப் கைப்பேசி சென்சார்களின் அளவீட்டைக் காட்டும்; இலவசம். தரவை வெளியே எடுக்கலாம். ஒரே வைஃபையில் இருந்தால் கணினித் திரையிலும் பார்க்கலாம். ஓர் ஒலியில் தொடங்கி அடுத்த ஒலியில் நிற்கும் இதன் ஒலி நிறுத்துகடிகாரம் ஒன்றுக்காகவே நிறுவலாம். இரண்டு கைப்பேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதல் கைப்பேசிக்குப் பக்கத்தில் ஒருவர் கைதட்டுகிறார். பிறகு இரண்டாவதற்குப் பக்கத்தில் மற்றவர் தட்டுகிறார். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேர வித்தியாசம், ஒலி 10 மீட்டர் போக எடுத்த நேரம். 20 டிகிரியில் 29 மில்லிவிநாடி. சத்தமான வகுப்பில், கடிகாரம் தொடங்கத் தேவையான ஒலி அளவின் வரம்பை உயர்த்துங்கள். எதிரொலியில் கடிகாரம் நின்றுவிடாமலிருக்கக் குறைந்தபட்ச இடைவெளியைக் கூட்டுங்கள். காற்றழுத்தமானி உள்ள கைப்பேசியானால் மாடி ஏறும்போது 8 மீட்டருக்கு ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் குறைவதைக் காணலாம். எல்லாக் கைப்பேசியிலும் அந்த சென்சார் இருக்காது. பாடத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோபிட்டில் 2020இல் வந்த இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள். தரவைத் தன்னுள்ளேயே சேமித்து, கணினியில் செருகியதும் அட்டவணையாகத் திறந்து காட்டும் வசதி அதில்தான் உண்டு. புதிய நிரலை ஏற்றினால் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒரே உடலில் பதினைந்து சென்சார் அடைத்த பெட்டிகளைப் பரிந்துரைக்க மாட்டோம். பிஎச் முனை செத்தால் பெட்டியே ஊனமாகும்; ஒரு குழு ஒளியை அளக்கும்போது இன்னொரு குழு அதிலுள்ள அழுத்த சென்சாரைத் தொட முடியாது. அதே பணத்தில் எட்டு வெப்பநிலை முனை, நான்கு விசை சென்சார், நான்கு அழுத்த சென்சார், நான்கு பிஎச் என்று பிரித்து வாங்கினால் முழு வகுப்பும் கைவைக்கும். அடுத்த ஆண்டு ஒரு ஸ்மார்ட் கார்ட் ஜோடி, அதற்கடுத்து கார்பன் டை ஆக்சைடு.

பெட்டி வந்த வாரத்திலேயே, திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள், ஒவ்வொன்றையும் சோதித்துவிடுங்கள். எல்லா வெப்பநிலை முனைகளையும் ஒன்றாகக் கட்டி, நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த பாத்திரத்தில் கலக்கிக்கொண்டே இரண்டு நிமிடம் வையுங்கள்; அறிவித்த பிழை எல்லைக்குள் எல்லாம் பூஜ்யம் காட்ட வேண்டும். அழுத்த சென்சார்களைத் திறந்தபடி மேசையில் வரிசையாக வைத்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதைத் தனியே எடுத்துவையுங்கள். இயக்க சென்சாரைச் சுவரிலிருந்து அளவுநாடா வைத்துச் சரியாக 1 மீட்டரில் நிறுத்திப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு சென்சாரைத் திறந்தவெளிக்கு எடுத்துப்போய் ஆள்மூச்சு படாத தூரத்தில் வைத்தால் 400க்குச் சற்று மேலே நிற்க வேண்டும். பிஎச்சுக்கு 4, 7 கரைசல்கள். கிடைத்த எண்களைத் தேதியோடு எழுதி அந்தந்தப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். ஓராண்டு கழித்து அதே சோதனையைச் செய்யும்போது எந்த முனை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.